தகடு, குழாய், ஆர்.சி. புத்தகம்

பழைய ஸ்கூட்டர் வாங்கப்போகிறேன் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது வண்டியின் படத்தை. நான் கேட்பது ஆர்.சி. புத்தகத்தின் படத்தை. பல நேரம் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

எனக்குச் செவ்வாப்பேட்டையில் வீடு, காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை. விடுமுறை நாட்கள் ஸ்கூட்டர்களோடு போகின்றன. இந்தப் பித்துக்கு எங்கள் பக்கம் தோதான இடம். காக்களூர், திருமழிசை, அம்பத்தூர், பாடி, வடக்கே கும்மிடிப்பூண்டி என்று சுற்றிலும் பட்டறைகள். தேய்ந்த புஷ்ஷை மாதிரிக்குக் கொடுத்தால் அளவு பிசகாமல் கடைந்து தரும் லேத்காரர் உண்டு. பவுடர் கோட்டிங் உண்டு, குரோம் முலாம் உண்டு. மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனால் உதிரி சாமான்களுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன. ஆகவே ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்ற கேள்வியே இங்கே எழாது. எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள்.

முதலில் காகிதம். ஆர்.சி.யில் இருக்கும் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் குத்தியிருக்கும் எழுத்தோடு ஒன்றொன்றாக ஒப்பிட வேண்டும். டார்ச், மண்ணெண்ணெய் நனைத்த துணி, ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ் இவற்றோடு போங்கள். கிரீஸ் அப்பி மறைந்த நம்பர் தெரிய அரை மணி கூட ஆகலாம். விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடுவது நல்லது. அடுத்து, அந்த வண்டி அரசின் பரிவாஹன் இணையதளத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். 1989க்கு முந்தைய டி.எம்., டி.என். என்று தொடங்கும் மூன்றெழுத்துப் பதிவு வண்டிகள் பல, கணினிக்கே ஏறாமல் கிடக்கின்றன. அவற்றைப் பதிவு செய்த பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் ‘பேக்லாக்’ ஏற்றினால்தான் மற்ற எதுவும் நடக்கும். உரிமையாளர் உயிரோடு இருந்தால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. இறந்துவிட்டிருந்தால் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்றிவிட்டுத்தான் உங்களுக்கு. ‘தாத்தா வண்டி, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம் ண்ணா’ என்று சொல்பவரிடம், பார்த்துவிட்டே கூப்பிடுங்கள் தம்பி என்று சொல்லிவிடுவேன். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பிரேக், விளக்கு, ஹாரன் சரியாக இல்லாமல் ஆய்வாளர் முன் நிறுத்த முடியாது.

இனி வண்டி. நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டரில் இரண்டு வம்சம். பஜாஜ் 150, சேத்தக், எல்.எம்.எல். எல்லாம் வெஸ்பா வழி. ஏ.பி.ஐ. கம்பெனியின் லாம்ப்ரெட்டா, லாம்பி, லக்னோவில் செய்த விஜய் சூப்பர் எல்லாம் லாம்ப்ரெட்டா வழி. இரண்டும் இரண்டாம் உலகப்போரில் நொறுங்கிப்போன இத்தாலியில் பிறந்தவை. 1946-இல் வந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் செய்தவர், மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காதவர். வெஸ்பாவைத் தயாரித்த பியாஜியோவும் விமானம் செய்த கம்பெனிதான். அதனால் வெஸ்பாவுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. அழுத்தி வளைத்த எஃகுத் தகடே வண்டியைத் தாங்குகிறது. அடுத்த ஆண்டு லாம்ப்ரெட்டாவைக் கொண்டுவந்த இன்னொசென்டி, எஃகுக் குழாய் செய்த கம்பெனி. அந்த வண்டிக்கு ஒரு பருத்த குழாய்தான் முதுகெலும்பு, பக்கத் தகடுகள் அதன்மேல் மாட்டிய சட்டை.

துருவைப் பார்க்கும்போது இந்த வரலாறுதான் உதவும். லாம்ப்ரெட்டாவின் பக்கத் தகடு அரித்துப் போயிருந்தால் வேறு தகடு மாட்டிக்கொள்ளலாம், பாதகமில்லை. வெஸ்பா, சேத்தக்கில் கால் வைக்கும் தளம் அரித்திருந்தால் வண்டியின் பலமே போயிற்று என்று பொருள். மேலே புது ரப்பர் விரிப்பு போட்டு மறைத்திருப்பார்கள். விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்து அடியிலிருந்து பாருங்கள், ஸ்குரூ டிரைவர் நுனியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகடு, மொத்தையாகக் கேட்டால் பட்டி. கையில் ஒரு சிறு காந்தமும் இருக்கட்டும். பட்டி கனமாக அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டுக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டிகள்தான் எங்கள் பக்கம் விலைக்கு வருகின்றன. தளம் நன்றாக இருக்கிற சேத்தக் கிடைத்தால் என்ஜின் ஓடாவிட்டாலும் வாங்கலாம்.

பளபளப்பை நம்பி ஏமாறுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. வியட்நாமிலிருந்து புது வண்டிபோல் மின்னிக்கொண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன பழைய வெஸ்பாக்களில், இரண்டு மூன்று வண்டிகளின் துண்டுகளை வெல்டு வைத்து ஒட்டியவை ஏராளம். வியட்நாம் வேலை என்றாலே ஐரோப்பிய, அமெரிக்க ஸ்கூட்டர் பிரியர்கள் முகம் சுளிக்கும் அளவுக்குப் பெயர் கெட்டுப்போனது. பெயிண்ட் அடித்து முடித்த வண்டியை நான் வாங்கவே மாட்டேன். துருவோடு நிற்பதையே வாங்குவேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

திருநின்றவூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். பஜாஜ் ஸ்கூட்டருக்கு மக்கள் ஆண்டுக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்த காலத்திலேயே மெக்கானிக் தொழிலுக்கு வந்தவர். யார் வண்டி கொண்டுவந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “தம்பி, வண்டி ஓடுதான்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல நிக்குதான்னு பாரு.” பத்து அங்குலச் சக்கரமும் டிரம் பிரேக்கும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவே போதாது என்பதை எப்போதும் மனத்தில் வைக்க வேண்டும். பிரேக் ஷூ, கேபிள், ஹேண்டில் கோன் செட், ஷாக் அப்சார்பர் ரப்பர், டயர் இவை புதிதாகிய பிறகுதான் நான் என்ஜினைத் திறப்பேன். வெஸ்பா வழி வண்டிகளில் என்ஜின் வலப்பக்கம் தொங்குவதால் பிரேக் அழுத்தும்போது வண்டி லேசாக இழுக்கும். முன்பிரேக்கைத் தனியாக, அதுவும் வளைவில், பிடிக்காமல் பழகிக்கொள்ள வேண்டும்.

ஸ்டெப்னி மாற்றுவது பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தச் சக்கரங்களின் ரிம் இரண்டு பாதியாக நட்டு போட்டு இணைத்தது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்து முகத்தில் அடிக்கும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டு வேறு, ரிம்மைப் பிரிக்கும் நட்டு வேறு. பஞ்சர் கடைச் சிறுவனுக்கு இது தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். டியூப்லெஸ் காலத்தில் பிறந்தவன் அவன்.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு வருவோம். பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் அதற்கு உயிர். சேத்தக்குக் கம்பெனி சொன்ன அளவு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். புதிதாக ரீபோர் செய்த என்ஜினுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் கூட ஊற்றலாம். புகை வருகிறதே என்று எண்ணெயைக் குறைப்பவர்கள் பிஸ்டனைப் பிடிக்க வைக்கிறார்கள். நீண்ட நேரம் வேகமாகப் போய்விட்டு ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடி அப்படியே உருளவிட்டாலும் ஆபத்துதான். பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நிற்கிறது. அப்போது கிளட்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது என்ஜின் சட்டென்று சத்தம் மாறி இழுவை குறைந்தால் அடுத்த நொடியே கிளட்ச், பிறகு ஓரம். நான்கு விரலில் இரண்டு எப்போதும் கிளட்ச் பிடியின்மேல் இருக்க வேண்டும் என்பது அந்தப் பெரியவர் பாடம். இன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டுபவர்களில் பலருக்குக் கிளட்ச் பிடியே தெரியாது என்பது தனிக்கதை.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாயும் கார்பரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்தவை அல்ல. உப்பிப்போகும், பிறகு பிய்ந்து ஜெட்டை அடைக்கும். பெட்ரோல் குழாயை வைட்டான் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். இரண்டு வாரம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்பரேட்டரைக் காலி செய்வது நல்லது. காலையில் ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்து நிமிர்த்திக் கிக்கரை உதைத்த அப்பாக்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

அழகுபடுத்தும் ஆசை இருக்கட்டும். 1960களில் பிரிட்டனில் ‘மாட்’ இளைஞர்கள் லாம்ப்ரெட்டாவின் முன்னால் கண்ணாடியாக, விளக்காக அடுக்கினார்கள். இந்தோனேசியாவில் வெஸ்பாவை நீட்டி, தாழ்த்தி, கட்டையும் தகரமும் கட்டி நாடு முழுக்கச் சுற்றுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துப் பையன்கள் புல்லட்டை அறுக்கக் கிளம்புகிறார்கள்.

புல்லட் எங்கள் மண்ணின் வண்டி. மெட்ராஸ் மோட்டார்ஸின் பங்கோடு 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் வேர்விட்டது. அந்த ஊர் 2018 வரை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. விசித்திர வண்டி வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியே செய்திருக்கிறது. 1960களில் ஃபான்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர், பிறகு டாரஸ் என்று 325 சி.சி. டீசல் புல்லட். டாரஸ் மெதுவாகத்தான் போகும், உடம்பெல்லாம் அதிரும், ஆனால் மைலேஜ் சொன்னால் நம்பமாட்டீர்கள். அசல் நிலையில் ஒரு டாரஸ் சாலையில் போனால், அறுத்து ஒட்டிய பத்துச் சாப்பர்களைவிட அதைத்தான் ஜனம் திரும்பிப் பார்க்கும்.

அறுப்பதில் என்ன தப்பு என்றால், இரண்டு. ஒன்று ஓட்டம். கழுத்துக் குழாயின் கோணத்தை மாற்றி முன் ஃபோர்க்கை நீட்டினால், நேர்ச்சாலையில் கம்பீரமாக இருக்கும் வண்டி, தெருமுனையில் திரும்பாது. அந்த மூட்டில் போட்ட வெல்டு விட்டுப்போனால் பிழைப்பது கடினம். எங்கள் பக்கம் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாய்லரும் டேங்கும் வெல்டு செய்பவர் சேஸிஸ் வெல்டு செய்யத் தகுந்தவர் என்று ஆகிவிடாது. மற்றொன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்துக் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. வண்ணம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். என்ஜின் மாற்ற வேண்டுமென்றால் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும்.

சைலன்சரை வெட்டுவது பற்றி எனக்குப் பொறுமை குறைவு. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். அதை மீறுவதால் வண்டிக்குக் கூடுதல் இழுவை கிடைப்பதில்லை, பல நேரம் குறையத்தான் செய்யும். இரவுப் பணி முடித்துத் தூங்குகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் எங்கள் ஊர்.

பிறகு தனித்தன்மைக்கு என்ன வழி என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. திருவொற்றியூரில் புல்லட் டேங்கில் தங்கக் கோடு கையாலேயே இழுத்தார்கள். பிரஷ்ஷால் கோடு இழுக்கத் தெரிந்த போர்டு எழுதும் ஓவியர்கள் ஃபிளெக்ஸ் வந்தபின் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். சீட்டுக்கு நல்ல ரெக்சினில் இரட்டைத் தையல், பழைய கம்பெனி நிறப் பட்டியலிலிருந்து எடுத்த சரியான பச்சை, அசல் எழுத்தில் வார்த்த பெயர்த்தகடு இவை போதும். எங்கள் பட்டறைகளால் பித்தளையில் வார்த்துக் கொடுக்க முடியும்.

அறுக்காமல் வைப்பதற்குப் பலனும் உண்டு. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் கெடாமல் இருக்கும் வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிந்து, ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துப் போகலாம், அன்றாடம் வேலைக்கு ஓட்ட முடியாது. தினமும் ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை. ஆனால் 1972-இல் வந்த முதல் சேத்தக்குகளே இப்போது அந்த வயதுக்கு வந்துவிட்டன. சேஸிஸை வெட்டிய வண்டிக்கு அந்தக் கதவு மூடியதுதான்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. அழகில் லாம்ப்ரெட்டாவை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் லக்னோவில் ஸ்கூட்டர் உற்பத்தி 1997-இலேயே நின்றுவிட்டது. விஜய் சூப்பருக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டும், கிடைத்தாலும் சொன்ன விலைதான். அது இரண்டாவது வண்டியாக இருக்கட்டும். முதல் வண்டியாகத் தளம் அரிக்காத சேத்தக்கை வாங்குங்கள். கேபிளிலிருந்து கிளட்ச் பிளேட் வரை புதுப்பேட்டையில் இன்றும் கிடைக்கிறது, பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்.