தோல்வியில் துவளாத வீரர்

தேர்வில் ஒருமுறை மதிப்பெண் குறைந்தால் நாம் மனம் உடைந்து போகிறோம். மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரிடம் நீட்டவும் அஞ்சுகிறோம். அத்தகைய நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் உண்டு. அவர்தாம் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர்.

இவர் 1874-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். நாம் ஏழாம் வகுப்பில் படிக்கும் 12 வயதில், அவர் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்க வேலைக்குச் சென்றார். ஓய்வு நேரத்தில் சகோதரர்களுடன் ஆடிய பந்தாட்டமே அவரை 1897-இல் லூயிவில் அணிக்கும், 1900-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கும் கொண்டு சேர்த்தது.

பேஸ்பாலும் கிரிக்கெட்டைப் போல மட்டையால் பந்தை அடித்து ஓடும் ஆட்டமே. ஆனால் இதில் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் சுற்றி ஓட வேண்டும். இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவே நின்று பந்தைத் தடுப்பவரை 'ஷார்ட் ஸ்டாப்' என்பர். பந்து அடிக்கடி பாய்ந்து வரும் அவ்விடத்தைக் காத்தவர் வாக்னர்.

1903-இல் பிட்ஸ்பர்க் அணியும் பாஸ்டன் அணியும் முதல் உலகத் தொடரில் மோதின. அவ்வாண்டு தம் லீகில் மட்டையடியில் முதலிடம் பெற்றிருந்த வாக்னரையே பிட்ஸ்பர்க் மக்கள் நம்பியிருந்தனர். அந்தோ! 27 வாய்ப்புகளில் 6 முறைதான் அவரது அடி பலித்தது. பந்தைத் தடுப்பதிலும் 6 பிழைகள் செய்தார். இறுதி ஆட்டத்தில் கடைசியாக ஆட்டமிழந்தவரும் அவரே. பாஸ்டன் 5-3 என்று வென்றது.

அத்துடன் அவர் சோர்ந்துவிட்டாரா? இல்லை! 1904 முதல் 1909 வரையிலான 6 ஆண்டுகளில் 5 முறை மட்டையடியில் முதலிடம் பெற்றார். 1909-இல் மீண்டும் உலகத் தொடர் வந்தது. எதிரணியான டெட்ராய்டில் 22 வயது டை காப் என்னும் புயல்! வாக்னருக்கோ 35 வயது. ஆயினும் 24 வாய்ப்புகளில் 8 முறை அவரது அடி பலித்தது. எதிரணியினர் ஏமாந்த நொடியில் ஓடி 6 முறை அடுத்த மூலையைப் பிடித்தார். பிட்ஸ்பர்க் 4-3 என்று வென்றது.

1936-இல் பேஸ்பால் புகழ் மன்றத்திற்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் அவரும் ஒருவர். 1955-இல் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அவ்வாண்டே அவர் மறைந்தார்.

1903-இல் பட்ட அவமானத்தைத் துடைக்க அவருக்கு 6 ஆண்டுகள் தேவைப்பட்டன. நமக்கோ அடுத்த தேர்வு சில மாதங்களிலேயே வந்துவிடுகிறது! எனவே தோழியரே, சிவப்பு மையைக் கண்டு கலங்காமல் மறுபடியும் புத்தகத்தைத் திறப்போம். முயல்வோம், வெல்வோம்!