முற்றமே முதல் வகுப்பறை: நெடுந்தீவுத் தாய்மாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முன்பள்ளி வயது வரமுன்பே கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, பின்னேரங்களில் பிள்ளையைப் பிடித்து இருத்திச் சொல்லிக் கொடுக்கிறோம். பாயில் இருக்கும்போது “சிவப்பு” என்று சரியாகச் சொல்கிற பிள்ளை, அடுத்த நாள் முற்றத்தில் சிவப்பு வாளியைக் கேட்க வேண்டிய நேரத்தில் “அது… அது…” என்று கையைக் காட்டும்.

இது பிள்ளையின் குறையல்ல. அமெரிக்காவின் கன்சாஸில் பெற்றி ஹார்ட், ரொட் றிஸ்லி என்ற இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்விலும் இதையே கண்டார்கள். கூட்டமாக இருத்தி நிறப்பெயர்களைக் கற்பித்தபோது பிள்ளைகள் அங்கே சொன்னார்கள். விளையாடப் போனபோது அந்தச் சொற்கள் வரவில்லை. விளையாட்டுப் பொருளை நிறம் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும் என்று ஆக்கிய பிறகே விளையாட்டிலும் அவை புழங்கத் தொடங்கின. பிள்ளைக்கு ஒன்று தேவைப்படுகிற நேரமே கற்பிக்கிற நேரம். அப்படிப்பட்ட நேரங்களுக்கு எங்கள் தீவில் பஞ்சமேயில்லை. கிணறு, ஆடு, பனை, கல்வேலி, படகு எல்லாம் வாசலிலேயே இருக்கின்றன. கீழே உள்ளவை ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

படி 1: ஒரு வேலையை மட்டும் எடுங்கள்

ஒவ்வொரு நாளும் தவறாமல் நடக்கிற வேலையாக இருக்கட்டும்: முகம் கழுவுவது, ஆட்டுக்குக் குழை போடுவது, உடுப்பு மாற்றுவது. அதற்குள் ஒரு சொல்லை அல்லது ஒரு கைவேலையை மட்டும் தெரிவு செய்யுங்கள். நிறம், எண், மரியாதை எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்தால் பிள்ளை ஓடிவிடும். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். அம்மா ஒன்றும் அப்பாச்சி வேறொன்றும் கேட்டால் பிள்ளை குழம்பும்.

படி 2: கண்ணுக்குத் தெரிய, கைக்கு எட்டாமல்

பிள்ளை விரும்புகிற பொருளைப் பார்வையில் படுகிற உயரத்தில் வையுங்கள். பந்து குசினித் தட்டில் இருக்கலாம், சோகிகளைப் போட்ட போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கலாம். பிள்ளை உங்களிடம் வந்தே ஆக வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பசித்த பிள்ளையின் சோற்றையும், தாகத்துக்குத் தண்ணீரையும், அழுகிற பிள்ளைக்கு மடியையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை எந்தச் சொல்லும் கேட்காமலே கிடைக்க வேண்டியவை.

படி 3: பொறுங்கள்

எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். கேட்க முன்னமே கொடுப்பது எங்கள் பாசம்; பிள்ளை வாய் திறக்க வேண்டிய தேவையையும் அந்தப் பாசமே எடுத்துவிடுகிறது.

அம்மம்மா பூவரசங்குழையோடு ஆட்டுக்கொட்டிலுக்குப் போகிறார். பின்னாலே ஓடி வந்த பேரன் “ம்… ம்…” என்று கையை நீட்டுகிறான். அம்மம்மா அவனுடைய உயரத்துக்குக் குந்துகிறார். குழை கையிலேயே இருக்கிறது. முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறார். சொல் வரவில்லை.

“என்ன வேணும், ராசா?”

இன்னும் கொஞ்சம் பொறுக்கிறார். பிறகு “கு…” என்று தொடக்கி விடுகிறார்.

“குழை!”

“ஓம், குழை. பெரிய குழை.”

அந்தக் கணமே கொப்பு அவன் கைக்குப் போகிறது. ஆடு வந்து இழுத்துத் தின்கிறது. அதுதான் அவனுக்குப் பரிசு; டொபி தேவையில்லை, கைதட்டலும் தேவையில்லை. “பெரிய” என்று அவர் கூட்டிச் சொன்ன ஒரு சொல் நாளைக்கான விதை. சில கிழமைகளில் “அம்மம்மா, பெரிய குழை தாங்கோ” என்பது வரும்.

உதவியின் ஒழுங்கைக் கவனித்திருப்பீர்கள்: முதலில் மௌனம், பிறகு கேள்வி, பிறகு சொல்லின் தொடக்கம். அதற்கும் வராவிட்டால் முழுச் சொல்லையும் நீங்களே சொல்லிப் பொருளைக் கொடுத்துவிடுங்கள். அழவைத்துப் பெற்ற சொல்லைப் பிள்ளை விரும்பித் திரும்பச் சொல்லாது.

படி 4: கைவேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

தை, மாசியில் பாத்தி கிண்டி எடுத்த பனங்கிழங்கை அவித்ததும் பிள்ளைகள் சுற்றி வந்து இருப்பார்கள். தோலை உரிக்க வேண்டும், நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும், நடுவில் இருக்கிற பீலியை எடுக்க வேண்டும், தும்பை இழுக்க வேண்டும், பிறகு முறித்துத் தின்ன வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளையிடம் முழுக் கிழங்கைக் கொடுத்து “உரி” என்றால் பாதியிலே எறிந்துவிடும்.

எனவே தும்பு இழுக்கிறது வரை நீங்கள் செய்யுங்கள். முறிக்கிறது மட்டும் பிள்ளையின் வேலை; முறித்த கையோடு வாய்க்குப் போகும். அது பழகியதும் கடைசித் தும்பையும் பிள்ளையே இழுக்கட்டும். பிறகு பீலி, பிறகு பிளப்பது, கடைசியாகத் தோல். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து வைக்கிறது பிள்ளைதான், அதனால் அடுத்த நாளும் தானாகவே வரும். சட்டை போடுவதையும் செருப்பு மாட்டுவதையும் இதே ஒழுங்கில் பழக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கிழங்கைச் சின்னத் துண்டாக்கி, தும்பில்லாமல் கொடுங்கள். தொண்டையில் அடைக்கிற ஆபத்து உண்டு.

நல்ல தண்ணீர் அரிதான தீவு இது. ஊற்றி விளையாடத் துடிக்கிற பிள்ளைக்கு முகம் கழுவிய தண்ணீரைப் பேணியில் கொடுத்துச் செடிக்கு ஊற்ற விடுங்கள். கைக்கும் பழக்கம், செடிக்கும் தண்ணீர்.

படி 5: வெளியிலும் அதே சொல்

வீட்டில் வந்த சொல் வேறிடத்திலும் வந்தால்தான் பிள்ளை அதைக் கற்றுவிட்டதென்று நான் ஒத்துக்கொள்வேன். “பெரிய” என்பதைக் கல்வேலியோரம் போகும்போது கேளுங்கள். பெருக்கமரத்தின் பொந்துக்குள் நுழைந்து “உள்ளே”, வெளியே வந்து “வெளியே”. குதிரைகளைத் தூரத்தில் நின்றே எண்ணலாம். மாவிலித்துறையில் படகுக்குக் காத்து நிற்கிற நேரம் வீணான நேரமல்ல. ஏறுகிற பெட்டிகளை எண்ண வையுங்கள், தெரிந்தவர்களைக் கண்டால் வணக்கம் சொல்ல விடுங்கள். கடல் கடந்து போய் இறங்கினால், குறிகட்டுவானில் நிற்கிற பஸ்ஸின் 776 என்ற இலக்கத்தை நாலு வயதுப் பிள்ளை வாசிக்கும்.

கிணற்றடியிலும் துறையிலும் ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்கட்டும். சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலியில் ஏற விட வேண்டாம்.

வைத்தியரிடம் எப்போது?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காத பிள்ளையையும், இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையையும் “அப்பாவும் பிந்தித்தான் கதைத்தவர்” என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கடல் கடந்து போக வேண்டியிருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். எந்தப் பொருளுக்குப் பிள்ளை என்ன சொல்கிறது, எதற்குக் கை காட்டுகிறது, எவ்வளவு உதவிக்குப் பிறகு சொல் வருகிறது என்பதை இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளையின் விருத்திப் பதிவேட்டோடு கொண்டு போங்கள்.