முகவரி மாறினாலும் மடல் சேர வேண்டும்
இல்ல மின்னஞ்சலும் பெயர்வழங்கி மாற்றமும்

ஊர்ப்பெயர் மாறலாம், தெருப்பெயர் மாறலாம், எழுதிய மடல் உரியவர் கையைச் சேர்ந்தாக வேண்டும். இதுவே அஞ்சலின் அறம். மயிலாப்பூரார் ஒரு காலத்தில் 'சென்னை-4' என்றும், தியாகராய நகரார் 'சென்னை-17' என்றும், அடையாற்றார் 'சென்னை-20' என்றும் முகவரி எழுதினர். 1972 ஆகஸ்டு 15இல் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தபின் அவை முறையே 600 004, 600 017, 600 020 ஆயின. பழைய எண் புதிய எண்ணுக்குள்ளேயே குடியிருந்தது. மௌபரீஸ் சாலை டி.டி.கே. சாலை ஆனபின்னும், எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை ஆனபின்னும் பழைய பெயர்கள் முதியோர் நாவில் நெடுநாள் வாழ்ந்தன. நம் நகரத்து வீடுகளின் வாயிலில் 'பழைய எண்', 'புதிய எண்' என இரண்டும் இன்றும் எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். மின்னஞ்சல் உலகிலும் இத்தகைய மாற்றம் நிகழ்கிறது. அதனை எவ்வாறு கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயரும் எண்ணும்

நம் இலக்கணம் பெயரை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும். கணினிக்கு அவ்விரண்டும் வேண்டா. எண் ஒன்றே போதும். பெயர் வேண்டுவது மனிதனுக்கே. தொடக்கக் காலத்தில் வலைப்பின்னலின் கணினிப் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கணினிகள் பெருகவே அம்முறை பயன்படாது போயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் பெயர்களைப் பலரிடம் பகிர்ந்து வைக்கும் முறையினை வகுத்தார். அம்முறையில் ஒரு பெயருக்குரிய விவரங்களைக் கேட்போர்க்குச் சொல்லும் கணினியே நேம் சர்வர் எனப்படும் பெயர்வழங்கி.

மடல் அனுப்பும் கணினி முதலில் மூலப் பெயர்வழங்கியை நாடும். அது, பெயர் '.இன்' என முடியுமாயின், நிக்சி நிர்வகிக்கும் இந்தியப் பதிவேட்டினைக் காட்டும். பதிவேடு நம் பெயர்வழங்கியைக் காட்டும். நம் பெயர்வழங்கி, எம்.எக்ஸ். எனும் பதிவின் வாயிலாக அஞ்சல் வழங்கியின் பெயரையும், பின்னர் அதன் எண்ணையும் சொல்லும். தம் மடல்கள் தம் இல்லத்திலேயே இருத்தல் வேண்டும் என விரும்புவோர் வீட்டில் வைத்திருக்கும் கணினியே இங்கு அஞ்சல் வழங்கி.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு தொலைவு நடந்து கேட்பது வீண் உழைப்பு. ஆதலின், கேட்ட கணினிகள் விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். அக்கால அளவினை டி.டி.எல். என்பர். மாற்றத்தின் இடர் யாவும் இந்நினைவிலேயே இருக்கிறது.

நேர்ந்த தவறு

எங்கள் இல்லத்திலும் என் தமக்கை மகன் அமைத்த அஞ்சல் வழங்கி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பெயர்வழங்கியை வேறொரு நிறுவனத்திற்கு மாற்றினோம். "மாமா, வேலை முடிந்தது" என்றான் அவன். மூன்றாம் நாள் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பரிந்துரைக் கடிதம் வேண்டி எழுதினேன்; இரண்டு முறையும் மடல் திரும்பிவிட்டது. விண்ணப்பிக்க நேற்றே கடைசி நாள்" என்றார்.

நடந்தது இதுதான். புதிய பெயர்வழங்கியில் இணையதளத்தின் எண்ணை எழுதினோம், எம்.எக்ஸ். பதிவை எழுத மறந்தோம். அப்பதிவு இல்லாதபோது மடல் அப்பெயருக்குரிய எண்ணையே நாடிச் செல்லும். ஆகவே அது இணையதளக் கணினியின் வாயிலுக்குச் சென்றது. அது, "இப்பெயருடையார் இங்கில்லை" என்று உடனே திருப்பிவிட்டது.

இங்கு அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நகரின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருண்டன. அத்தகைய வேளையில் வீட்டுக் கணினி விடையளிக்காது ஓய்ந்திருப்பினும், அனுப்பும் கணினி மடலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள்களேனும் முயல வேண்டும் என்பதே பொது நெறி. ஆனால் 'இல்லை' எனும் விடை கிடைத்தால் அக்கணமே மடலைத் திருப்பிவிடும். மௌனத்தை அஞ்சல் பொறுக்கும். தவறான விடையைப் பொறுக்காது.

செய்யத்தக்க முறை

முதலாவது, பழைய பெயர்வழங்கியிலுள்ள பதிவுகள் அனைத்தையும் புதியதில் எழுதுக. எம்.எக்ஸ். பதிவும், அனுப்புநர் உண்மையானவர் எனக் காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளும் விடுபடலாகாது. 2024 பிப்ரவரி முதல் இவற்றுள் ஒன்றேனும் உள்ளதா என்பதை ஜிமெயில் கண்டிப்புடன் நோக்குகிறது.

இரண்டாவது, பதிவேட்டில் கை வைப்பதற்கு முன்னரே புதிய பெயர்வழங்கியை நேரே வினவி, அதன் விடைகளைப் பழையதன் விடைகளோடு ஒப்புநோக்குக. நாங்கள் செய்யத் தவறியது இதனையே.

மூன்றாவது, டி.எஸ். எனும் கையொப்பப் பதிவு பதிவேட்டில் இருப்பின், அதனை முன்னதாக நீக்கி, அதன் நினைவுக்காலம் கழிந்த பின்னரே பெயர்வழங்கியை மாற்றுக. இன்றேல் புதிய விடை மெய்யாக இருப்பினும் பொய்யெனத் தள்ளப்படும்.

நான்காவது, மாற்றியபின் பழைய பெயர்வழங்கியை உடனே மூடற்க. நம் பதிவுகளின் நினைவுக்காலத்தை நாம் 300 விநாடியாகக் குறைக்கலாம். பதிவேடு வைத்துள்ள காலமோ நம் கையில் இல்லை. '.காம்' பதிவேட்டில் அது இரண்டு நாள். ஆகவே ஒரு வாரமேனும் பழையதும் புதியதும் ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருத்தல் நலம்.

ஐந்தாவது, வீட்டு இணைப்பின் எண்ணும் மாற வேண்டியிருப்பின் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யற்க. தவறு நேர்ந்தால் எதனால் நேர்ந்தது என அறிய இயலாது போகும். எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் மறுதலைப் பதிவு பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்திடமே இருக்கும் என்பதனையும் நினைவில் கொள்க.

நிறைவாக

மாற்றியவன் மனத்தில் மாற்றம் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. உலகின் நினைவிலோ பழைய விடை மெல்லவே மறைகிறது. அது மறையும்வரை இரு வாயிலும் திறந்திருக்க வேண்டும். 'பழைய எண், புதிய எண்' எனக் கதவில் எழுதி வைத்த சென்னைவாசிக்கு இது புதிய பாடமன்று. அம்மாணவி மறு ஆண்டு விண்ணப்பித்து இடம் பெற்றார்; என்னைக் குறை கூறவுமில்லை. ஆயினும் ஒரு பதிவை எழுத மறந்ததால் அவருடைய ஓராண்டு கழிந்தது. கணினி முன் அமரும் நம் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.