பேரம் பேசும் எண்கள்

இருவர் சேர்ந்து ஒரு செயலைச் செய்ய வேண்டுமாயின், முதலில் அளவுகளில் உடன்பட வேண்டும். நமது திருத்தணியின் எல்லையே பட்டாஸ்கர் பரிந்துரையின் வழியாக, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்து அமைந்த ஒன்றுதான். பேச்சும் உடன்பாடும் மனிதர்க்கு மட்டுமே உரியவை அல்ல. கணிப்பொறிகளும் அவ்வாறே பேசுகின்றன. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஐ-ஸ்கசி என்னும் விதிமுறை.

எங்கோ ஓர் அறையில் இருக்கும் வட்டினை, வலையமைப்பின் மூலம் தன் சொந்த வட்டினைப் போல ஒரு கணிப்பொறி பயன்படுத்த இது வழிசெய்கிறது. இணையப் பொறியியல் பணிக்குழு 2004 ஏப்ரலில் இதனை ஆர்.எஃப்.சி. 3720 என வெளியிட்டது. 2014 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 7143 அதன் இடத்தைப் பெற்றது. வட்டினைக் கேட்கும் கணிப்பொறியைத் தொடக்கி என்றும், வட்டினை வைத்திருப்பதை இலக்கு என்றும் கொள்வோம்.

உடன்படும் முறை

சந்தையில் நாம் பேசும் பேரம் பல சுற்று நீளும். இங்கோ ஒரு சொல், ஒரு மறுமொழி, அத்துடன் முடிந்தது. ஒருவர் ஓர் எண்ணை முன்வைக்கிறார். மற்றவர் தம் எண்ணோடு அதனை ஒப்பிட்டு, விதி கூறும் எண்ணை விடையாகத் தருகிறார். அவ்விடையே முடிவு. விதிக்குப் பொருந்தாத எண்ணை விடையாகத் தருவது பிழையாகும். யாரும் பேசாவிட்டால், முன்பே குறிக்கப்பட்ட இயல்பு மதிப்பு நிலைக்கும்.

ஒரே தொடரில் அனுப்பும் தரவின் உச்ச அளவாகத் தொடக்கி 10,48,576 பைட்டுகளைக் கேட்கிறது என்க. இலக்கால் 2,62,144 பைட்டுகளே ஏற்க இயலுமாயின் அச்சிறிய எண்ணே முடிவாகும். வலியவர் மெலியவரின் அளவுக்கு இறங்கி வரவேண்டும். இல்லையேல் தாங்கும் இடத்திற்கு மேல் தரவு வந்து சேரும்.

எல்லா இடத்திலும் சிறிய எண்ணே வெல்லுமா? இல்லை. இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால், மீண்டும் முயலும் முன் காத்திருக்கும் நேரத்தில் பெரிய எண்ணே வெல்லும். இதன் இயல்பு மதிப்பு 2 வினாடி. ஒருவர் 2 வினாடியும் மற்றவர் 5 வினாடியும் கேட்டால், விரைந்து கதவைத் தட்டுவதால் பயனில்லை; ஆகவே 5 வினாடி காக்க வேண்டும். ஆனால் அதன்பின் பணிகளைக் கைவிடாது வைத்திருக்கும் நேரத்தில் சிறிய எண்ணே முடிவு. இதன் இயல்பு மதிப்பு 20 வினாடி. தாம் காக்க இயலாத வாக்கை யாரும் கொடுத்தல் கூடாதன்றோ?

இன்னொரு வகையில் பேரமே கிடையாது. ஒரு பொட்டலத்தில் தம்மால் பெற இயலும் அளவை ஒவ்வொருவரும் அறிவிப்பர். மற்றவர் அதற்கு அடங்கி நடப்பார். இதன் இயல்பு மதிப்பு 8192 பைட்டுகள்.

முடிவுரை

மதிப்பெண் பட்டியல், நோயாளியின் பதிவேடு, வங்கிக் கணக்கு ஆகிய எதுவும் இத்தகைய வட்டுகளில் இருக்கக்கூடும். இரு பக்கமும் வெவ்வேறு எண்ணை நினைத்துக்கொண்டால் பரிமாற்றம் தடைப்படும். எனவே ஒவ்வோர் எண்ணுக்கும் எது வெல்லும் என்பதை ஏட்டில் எழுதி வைத்தனர். கணிப்பொறி பயிலும் மாணவ நண்பர்கள், புதிய விதிமுறை எதனைக் கண்டாலும் ‘யார் தாங்க முடியாதவர்?’ என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சிறியதா, பெரியதா என்ற விடை அக்கேள்வியிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.