இடி விழுந்த கோபுரம்

டாரட் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுக்காகத் தோன்றியவை. அவற்றைக்கொண்டு குறி சொல்வது பின்னாளில் வந்த வழக்கம். சாதகனுக்கு அது தேவையற்றது. ஆயினும் 16-ஆம் சீட்டின் சித்திரம் சிந்திக்கத் தக்கது.

பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் வெளிவந்த வடிவில், பாறையுச்சியில் ஒரு கோபுரம் நிற்கிறது. மின்னல் தாக்குகிறது, சாளரங்களில் தீ, இருவர் தலைகீழாக விழுகின்றனர். காண்போர் அஞ்சுவது இயல்பே. கூர்ந்து நோக்கினால், மின்னல் தள்ளுவது உச்சியிலுள்ள மகுடத்தை. சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அம்மகுடத்தை, ‘செய்பவன் நான்’ என்னும் அகந்தையாகக் கொள்ளலாம். நற்பணியிலும் அது ஒளிந்திருக்கும் என்பதே ஆபத்து.

1898 செப்டம்பர் இறுதியில் சுவாமி விவேகானந்தர் காஷ்மீரத்து க்ஷீரபவானியில் தவமிருந்தார். சிதைந்து கிடந்த ஆலயத்தைக் கண்டு, தாம் அன்று இருந்திருந்தால் அன்னையைக் காத்திருக்கலாமே என்று உள்ளம் குமுறினார். காப்பது யார், காக்கப்படுவது யார் என்று தேவியே வினவியதை அகத்தே கேட்டார். புதிய ஆலயம் எழுப்பும் எண்ணமும் அவ்வாறே அடங்கிற்று. அவள் விரும்பினால் ஏழடுக்குப் பொன்னாலயம் எழாதா? அக்டோபர் 6-ஆம் தேதி ஸ்ரீநகர் திரும்பியவர், தேசபக்தியும் போய்விட்டது, தாம் வெறும் குழந்தை என்றார்.

இதைச் சோர்வு எனக் கொள்வது பிழை. அவ்வாண்டே டிசம்பர் 9-ஆம் தேதி, குருதேவரின் அஸ்திக் கலசத்தைத் தம் தோளில் சுமந்து சென்று, பேலூர் மடத்தைப் பிரதிஷ்டை செய்தார்.