'டு' வருமா, 'இங்' வருமா?

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுத நமக்கு உரிமை உண்டு. ஆயினும் காணி, நட்டஈடு, தோட்ட நிர்வாகம், வெளிநாட்டு உதவி என்று வரும்போது ஆங்கிலக் கடிதத்தைச் சந்திக்கவே நேரிடுகிறது.

1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. வத்தேகமவுக்கு அருகே பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. மக்கள் பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். வயல் மறைந்துவிட்டால், அதை உழுதவனுக்குக் கடதாசியே சாட்சி. அந்தக் கடதாசியில் ஒரு சொல்லின் வால் மாறினாலும் பொருள் மாறிவிடும். ஆகவே இப்பாடத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின் வரும் அடுத்த வினையைப் பற்றிப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது வினை 'டு சைன்' என்றும் வரும், 'சைனிங்' என்றும் வரும். எது எங்கே வரும் என்பதற்கு நம் தமிழிலேயே ஒரு திறவுகோல் இருக்கிறது.

1. தமிழில் 'செய்ய' என்று வந்தால் பெரும்பாலும் 'டு'. கையொப்பமிடச் சம்மதித்தோம்: 'வீ அக்ரீட் டு சைன்'. கையொப்பமிட மறுத்தோம்: 'வீ ரெஃபியூஸ்ட் டு சைன்'.

2. தமிழில் 'செய்வதை', 'செய்ததை' என்று வந்தால் பெரும்பாலும் 'இங்'. கையொப்பமிட்டதை மறுத்தோம்: 'வீ டினைட் சைனிங்'. தமிழில் இரண்டுக்கும் 'மறுத்தோம்' என்ற ஒரே சொல்தான். ஆனால் முதலாவது, செய்யமாட்டோம் என்பது. இரண்டாவது, செய்யவில்லை என்பது. ஆங்கிலத்தில் சொல்லும் வேறு, வாலும் வேறு.

3. சில வினைகள் இரண்டையும் ஏற்கும், பொருள்தான் மாறும். 'வீ ஸ்டொப்ட் கல்டிவேட்டிங் இன் 1985' என்றால், அந்த ஆண்டில் பயிர் செய்வதை நிறுத்தினோம் என்பது பொருள். அதுவரை நிலத்தை ஆண்டனுபவித்து வந்தோம் என்பதும் அதில் அடங்கும். 'வீ ஸ்டொப்ட் டு கல்டிவேட்' என்றால், பயிர் செய்வதற்காக வேறொரு வேலையை நிறுத்தினோம் என்றாகிவிடும். சொல்ல வந்தது தலைகீழாகிறது.

அவ்வாறே, 'வீ ரிமெம்பர் பேயிங்' என்றால் பணம் கட்டியது நினைவிருக்கிறது, கட்டியாயிற்று. 'ப்ளீஸ் ரிமெம்பர் டு பே' என்று உங்களுக்குக் கடிதம் வந்தால், கட்ட மறவாதீர்கள் என்பது பொருள்; எழுதியவர் கணக்கில் அது இன்னும் கட்டப்படவில்லை. பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள்.

4. திறவுகோல் எல்லாப் பூட்டையும் திறக்காது. 'அறுவடை செய்து முடித்தோம்' என்பது 'வீ ஃபினிஷ்ட் ஹாவெஸ்டிங்' ஆகும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'வித்தவுட்' ஆகியவற்றின் பின்னும் 'இங்' வரும். மனுவின் கடைசி வரியில் பலர் எழுதும் 'வீ லுக் ஃபோர்வேட் டு ரிசீவிங் யுவர் ரிப்ளை' என்பதைக் கவனியுங்கள். அங்கே 'டு' வந்தும் 'ரிசீவிங்' என்றே எழுத வேண்டும். அந்த 'டு' நம் 'கு' உருபைப் போன்றது, வினையைச் சேர்ந்ததல்ல.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

அ. வீடு கட்டத் தீர்மானித்தோம்.
ஆ. காணியை விற்றதை மறுக்கிறோம்.
இ. வாசிக்காமல் கையொப்பமிட்டோம்.

விடைகள்

அ. வீ டிசைடெட் டு பில்ட் அ ஹவுஸ்.
ஆ. வீ டினை செல்லிங் த லேண்ட்.
இ. வீ சைன்ட் வித்தவுட் ரீடிங்.

மூன்றாவது வாக்கியத்தை எழுதும் நிலை நம்மில் எவருக்கும் வரவேண்டாம். பொருள் விளங்காத கடதாசி எதுவானாலும், கையொப்பமிடுமுன் தமிழில் விளக்கம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.