பழைய கேம் கன்சோலுக்கு ஏற்ற திரையும் இணைப்பும்

பழைய கன்சோலைப் புதிய டிவியில் இணைக்கும்போது படம் மங்குவதையும், பொத்தானை அழுத்திய பிறகு அசைவு தாமதமாவதையும் தவிர்க்கும் வழிகள்:

1. இடவசதி இருந்தால் பிக்சர் டியூப் டிவியையே தேர்ந்தெடுக்கவும். நின்டெண்டோவின் ஸாப்பர் துப்பாக்கி எல்சிடி திரையில் இயங்காது.

2. சூப்பர் நின்டெண்டோவை மஞ்சள் பின்னுக்குப் பதிலாக எஸ்-வீடியோ கேபிளால் இணைக்கவும். முன்னது ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதால் எழுத்துகளின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்வதுபோல் தெரியும், பின்னதில் இரண்டும் தனித்தனியே செல்வதால் படம் தெளிவாகும்.

3. எச்டிஎம்ஐ மாற்றி வாங்கும்போது, 240பி எனப்படும் 240 கோட்டுப் படத்தை அது சரியாக ஏற்கிறதா எனப் பார்க்கவும். மலிவான மாற்றிகள் பலவும் அதை 480ஐ என்ற வேறு வகைப் படமாகக் கருதி, மின்னி மறையும் நிழல்களைக் கெடுத்துவிடும்.

4. எல்சிடி டிவியில் ‘கேம் மோட்’ அமைப்பை இயக்கவும். படத்தை மெருகேற்றும் வேலைகள் குறைவதால் தாமதமும் குறையும்.

5. திரை விகிதத்தை 4:3 என வைக்கவும்; உருவங்கள் பக்கவாட்டில் இழுபடாது.